கண்டியில் கட்டி நிலாவெளியில் அவிழ்க்கிற மூட்டை

கண்டியில் இருக்கிற எங்களுக்குக் கடல் தூரம். அதனால்தான் கடலுக்குப் போகும்போது பாதி வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறோம். பெரும்பாலான குடும்பங்கள் போவது ஆகஸ்ட்டில். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை, நகரத்தில் பெரஹராக் கூட்டம், மலையில் விட்டுவிட்டு மழை. அதே நேரம் கிழக்குக் கரையில் வானம் தெளிந்து, கடல் குளம்போலக் கிடக்கும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மாத்தளை, நாவுல, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று சுமார் 180 கிலோமீற்றர் போனால் திருகோணமலை. அங்கிருந்து கரையோரமாக வடக்கே போனால் நிலாவெளி. நிலாவெளி மணலில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீற்றர் தள்ளி, கடலுக்குள் பாறையும் பற்றையுமாகத் தெரிவது புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பயணத்துக்கு பிளாஸ்டிக் இல்லாமல் எப்படி மூட்டை கட்டுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எங்களுக்கு முன்பே கண்டியில் இருந்து திருகோணமலைக்குப் போகிற ஒன்று இருக்கிறது. அது மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடுகிற அந்த ஆறு கண்டியை வளைத்துக்கொண்டு போய், கடைசியில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. கண்டி வாவியில் இருந்து புறப்படும் மெத எல, நகரத்தின் நடுவாக ஓடி கெட்டம்பே பக்கம் ஆற்றில் விழுகிறது. நல்ல மழைக்கு அடுத்த நாள் அந்த ஓடையை எட்டிப் பாருங்கள். யோகட் கோப்பை, பால்மாப் பைக்கட், தண்ணீர்ப் போத்தல், சிலிசிலிப் பை எல்லாம் வரிசை கட்டிப் போகும். நகரத்துக் குப்பை போய்ச் சேர்ந்த கொஹாகொடை மேடும் மகாவலிக் கரையில்தான் இருக்கிறது. இடையில் பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் உண்டு, நிறைய அங்கே சிக்கும். எல்லாமே அங்கே நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. ஆகையால் நிலாவெளிக் கரையில் கிடக்கிற போத்தலைப் பார்த்து "இந்த ஊர்க்காரர் போட்டது" என்று சொல்வதற்கு எங்களுக்கு உரிமை இல்லை.

பிளாஸ்டிக் இல்லாமல் மூட்டை கட்டுவதைப் பல வருடங்களாகச் செய்துபார்த்ததில் நான் கண்டது ஒன்று. கடற்கரையில் போய் நாங்கள் வாங்குகிற பிளாஸ்டிக் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் புறப்படுவதற்கு முந்தின இரவும், பஸ்ஸிலும் வானிலும் போகிற அந்த ஐந்து மணி நேரத்திலும் சேர்கிறது. தாகமும் பசியும் வந்தபிறகு யாருக்கும் கொள்கை நிற்காது. தம்புள்ளை வெயிலில் பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதால் முதல் கடையில் இறங்கத்தான் வேண்டும். எனவே மூட்டையைக் கடலுக்காகக் கட்டாதீர்கள், பாதைக்காகக் கட்டுங்கள். பாதைக்குச் சரியாக இருந்தால் கடலுக்கும் போதும்.

புதிதாக எதையும் வாங்காதீர்கள்

மூங்கில் கரண்டி, உலோக உறிஞ்சுகுழல், துணியில் தைத்த சின்னப் பைகள் என்று ஒரு பெரிய வியாபாரமே இப்போது நடக்கிறது. அதில் அநேகம் தேவையில்லை. வீட்டில் சில்வர் டிபன் கரியர் இருக்கும். அலுமாரி மேல் பழைய பிஸ்கட் டின் இருக்கும். அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் மூட்டையில் பாதி முடிந்தது. ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதும் குப்பைதான். மூடி இறுக்கமாக நிற்கிற டப்பா என்றால் இன்னும் பத்து வருடம் பயன்படுத்துங்கள். எனக்குப் பகை, ஒருமுறை தொட்டுவிட்டு எறிகிற பிளாஸ்டிக்கோடுதான்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதே வருடம் செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் பொலித்தீன் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் கடைசியில் சின்ன ஷாம்பு பைக்கட் போன்றவையும், 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு வரையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கடையில் இன்னும் இவை எங்காவது கண்ணில் படலாம். படுகிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

தண்ணீர்

ஆளுக்கு ஒரு லீற்றர் பாதைக்கு, இன்னொரு லீற்றர் கடற்கரையில் முதல் அரை நாளுக்கு. நாலு பேர் குடும்பம் என்றால் எட்டு லீற்றர். இதை எல்லாம் சின்னச் சின்னப் போத்தலில் சுமக்க முடியாது. வானில் போகிறவர்கள் ஐந்து லீற்றர் சில்வர் கேன் ஒன்றும், ஆளுக்கொரு சில்வர் போத்தலும் எடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஆளுக்கொரு ஒரு லீற்றர் போத்தலோடு புறப்பட்டு, இடையில் சாப்பாட்டுக் கடையில் நிரப்பிக்கொள்ளலாம். "அண்ணா, கொதித்தாறிய தண்ணி இருக்கா? இதில் ஊத்தித் தாங்க" என்று கேட்டு, கூடவே இரண்டு பிளேன்டீயும் வாங்கினால் மறுக்கிற கடைக்காரரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கண்டித் தண்ணீருக்குப் பழகின நாக்குக்குக் கிழக்குக் கரையின் கிணற்றுத் தண்ணீர் பிடிக்காது. சில இடங்களில் உப்புக் கரிக்கும். தங்குமிடத்தில் பெரிய தண்ணீர்க் கேன் இருக்கிறதா, அதில் எங்கள் போத்தலை நிரப்ப விடுவார்களா என்று அறை பதிவு செய்யும் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். போன பிறகு கேட்டால் நடக்காது. ஒருமுறை நான் தங்கிய ஒரு விடுதியில், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு காலையும் கட்டிலருகே அரை லீற்றர் போத்தல் நாலு வந்து நின்றது. மூன்று நாளில் பன்னிரண்டு. சொல்ல வேண்டியது அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணிடம் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. முன் மேசையில் சொன்னது அவரை எட்டவே இல்லை. இப்போதெல்லாம் போனவுடன் அந்தப் போத்தல்களைத் திறக்காமல் எடுத்து, "தங்கச்சி, இது வேணாம், நாளைக்கும் வைக்காதீங்க" என்று அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஃபிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு எடுங்கள். வாழைச் சருகில் கட்டித் தருகிற கருப்பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பாதையில் பிள்ளைகள் கேட்கிற பைக்கட் பானத்துக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

சோற்றுப் பார்சல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மூட்டை வெல்வதும் தோற்பதும் இங்கேதான்.

புறப்படுகிற நாள் அதிகாலை வாழையிலை வெட்டுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் முந்தின நாள் மத்திய சந்தையில் வாங்கி, ஈரத் துணியில் சுருட்டி வைக்கலாம். நடு நரம்பின் தடிப்பை இலையின் முதுகுப் பக்கமாகக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். பிறகு காஸ் அடுப்புச் சுவாலைக்கு ஒரு சாண் மேலே இலையைப் பிடித்து, இந்த நுனியில் இருந்து அந்த நுனிக்கு மெதுவாக இழுங்கள். வெளிறிய பச்சை ஒரு நொடியில் கரும்பச்சையாக மாறி, இலை எண்ணெய் பூசினதுபோல மினுங்கும். வீடு முழுவதும் அந்த வாசம் பரவும். அப்படி நிறம் மாறின இடம் துணிபோல மடியும், மாறாத இடம் கிழியும். அவசரத்தில் நான் பாதி வாட்டிய இலையில் கட்டி, நாவுலையைத் தாண்டும்போது பருப்பு மடியில் ஒழுகியது. ஓர் இலைக்கு அரை நிமிடம் போதும், அந்த அரை நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சோற்றை ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். தேங்காய்ப்பால் விட்ட கறியை இந்தப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம், தம்புள்ளைச் சூட்டுக்கு அது தாங்காது. கொறுக்காய் போட்டு வற்ற வைத்த மீன், நெத்தலிப் பொரியல், பருப்பைக் கெட்டியாகக் கடைந்தது, கத்தரிக்காய் வதக்கல், சீனிச் சம்பல் போதும். சம்பலைச் சோற்றோடு சேர்க்காமல் சின்ன இலைத் துண்டில் தனியாக மடித்து உள்ளே வையுங்கள். இலையை நாலு பக்கமும் மடித்தபின் பழைய பத்திரிகைத் தாள் ஒரு சுற்று, அதன்மேல் வாழைநாரில் ஒரு கட்டு. ரப்பர் வளையம் வேண்டாம், தவறி மணலில் விழுந்தால் திரும்பத் தேட மாட்டோம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் சுலபமான வழி தெரியும். கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும். ரொட்டியைத் துணியில் சுற்றி டின்னில் போட்டால் மாலை வரைக்கும் மிருதுவாக இருக்கும். கொழுந்து பறிக்கப் போன எங்கள் பாட்டிமார் மத்தியானச் சாப்பாட்டை இப்படித்தான் மலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குப் பொலித்தீன் இல்லாமல் சாப்பாடு கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கொறிக்கிறதற்கு: வீட்டில் சுட்ட முறுக்கு, அவித்துத் தாளித்த கடலை, வாழைப்பழம். பேக்கரியில் மாலு பாண் வாங்குவதென்றால் உங்கள் டின்னையே நீட்டுங்கள். பல பேக்கரிகளில் இன்னும் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் ஒட்டின பையில் போட்டுத் தருவார்கள், அதுவும் நல்லது. "பேக் வேணாமா அக்கா?" என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள். 2025 நவம்பரில் இருந்து கடைகளில் பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்க முடியாது என்று வந்தபிறகு அந்த ஆச்சரியம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வழியில் கிடைக்கிற நல்லவை

ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் சோளப்பொத்தி அவித்து விற்பார்கள். அதன் மடலிலேயே சுற்றித் தரச் சொல்லுங்கள். கச்சான் என்றால் தாள் சுருளில் வாங்குங்கள். செவ்விளநீரைப் போத்தல்போல வாயில் கவிழ்த்துக் குடிக்கலாம், சின்னப் பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் வேண்டுமானால் பப்பாசி இலைக் காம்பை இரண்டு பக்கமும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். காம்பின் பால் வடிந்ததும் தண்ணீரில் அலசின பிறகு கொடுக்க வேண்டும். கந்தளாய்க்குப் பிறகு தயிர்ச் சட்டிகள் கண்ணில் படும். எருமைத் தயிர், மண்சட்டியில். சட்டியின் வாயைத் தாளால் மூடிக் கட்டியிருப்பார்கள். வாங்கினால் அதைக் காலுக்கடியில் துணியைச் சும்மாடாகச் சுற்றி அதில் உட்கார வையுங்கள். தின்று முடித்த சட்டி வீட்டுக்கு வந்தால் செடி வைக்கலாம்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு யானைகள் பாதைக்கு வரும். வாகனத்தை மெதுவாக்கி வாழைப்பழத்தைப் பையோடு தூக்கிப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் யானைக்குப் பழத்தையும் பையையும் பிரிக்கத் தெரியாது. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் மேய்ந்து செத்த யானைகளின் வயிற்றில் என்ன இருந்தது என்பதைப் பத்திரிகைகளில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களுக்கும் இதே கதைதான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

குளிப்புச் சாமான்

சவர்க்காரக் கட்டி ஒன்று குடும்பத்துக்கே போதும். கடதாசிப் பெட்டியில் வருகிற சந்தனச் சவர்க்காரமோ வேப்பஞ் சவர்க்காரமோ எடுத்து, உறையை வீட்டிலேயே கழற்றிவிட்டுத் தகர டப்பாவில் போடுங்கள். தலைக்குச் சீயாக்காய்த் தூளைச் சின்ன டப்பாவில் கொண்டுபோகலாம். செவ்வரத்தை இலை எல்லா ஊரிலும் வேலியில் இருக்கிறது. கடல் உப்பு ஏறின தலைமுடிக்கு அதை அரைத்துத் தேய்த்துப் பாருங்கள், சிக்கு விடுபடும். தேங்காய் எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்தால் அதற்கு ஒரு காலுறை மாட்டிவிடுங்கள். அறைக்கு மட்டும்தான் கண்ணாடி. மணலுக்கு ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. உடைந்த கண்ணாடியை மணலில் தேடி எடுக்க முடியாது, அடுத்த நாள் யாரோ ஒரு மீனவப் பிள்ளையின் காலில்தான் அது ஏறும்.

வெயிலுக்குப் பூசுகிற கிரீம் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் சேர்க்கிற ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் என்ற இரண்டு இரசாயனங்கள் பவளப் பாறைக்குக் கேடு என்று பசிபிக் தீவான பலாவு 2020இலும், அமெரிக்காவின் ஹவாய் 2021இலும் அவற்றைத் தடுத்தன. புறாத்தீவைச் சுற்றி இருப்பதும் பவளப் பாறைதான். கிரீம் வாங்குவதென்றால் துத்தநாக ஒக்சைட்டில் செய்ததாகப் பாருங்கள். ஆனால் என் முதல் யோசனை துணி. நீளக் கை மேற்சட்டை, கழுத்து மூடுகிற துண்டு, பனையோலைத் தொப்பி. காலை ஒன்பது மணிக்குள் கடலில் இறங்கி, உச்சி வெயிலில் நிழலில் படுத்து, மாலை நாலரைக்குத் திரும்ப இறங்கினால் கிரீமுக்கு வேலை குறைவு. முகத்துக்கும் பின்கழுத்துக்கும் பாதத்தின் மேற்புறத்துக்கும் மட்டும் பூசினால் ஒரு டப்பா இரண்டு விடுமுறைக்கு வரும்.

நீந்துகிற உடுப்பு பெரும்பாலும் பொலியெஸ்டர்தான். அதற்காகப் பிள்ளைகளைப் பருத்திச் சட்டையோடு ஆழத்துக்கு விடாதீர்கள். நனைந்த பருத்தி பாரமாகி இழுக்கும். இருக்கிற நீச்சல் உடுப்பைக் கிழியும் வரை போடுங்கள். காற்று ஊதி மிதக்கவிடுகிற பொம்மைகளுக்குக் கடலில் நம்பகம் இல்லை.

நுளம்புக்குச் சிட்ரனெல்லா எண்ணெய்யைத் தேங்காய் எண்ணெய்யில் கலந்து பூசலாம். மாதவிடாய் நாட்களுக்குக் கடையில் வாங்குகிற அணையாடையில் பெரும்பகுதி பிளாஸ்டிக். துணியோ கிண்ணமோ பழகியவர்கள் அதையே எடுங்கள், பழகாதவர்கள் பயணத்தில் முதல்முறையாக முயற்சி செய்ய வேண்டாம். பாவித்ததைத் தாளில் சுற்றி டின்னில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். கைக்குழந்தைக்குப் பகலில் துணி நேப்பி, நீண்ட பஸ் பயணத்துக்குப் பம்பர்ஸ் ஒன்றிரண்டு. மருந்தில் மட்டும் எந்தச் சிக்கனமும் செய்யாதீர்கள். ஜீவனிப் பைக்கட்டும் காய்ச்சல் மாத்திரையும் எந்த உறையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு முன்னால் வேறு எந்தக் கணக்கும் நிற்காது.

பையும் ஈரத் துணியும்

எல்லாவற்றையும் போட மூன்று பை போதும். உடுப்புக்கு ஏற்கெனவே இருக்கிற பயணப் பை. சாப்பாட்டுக்குப் பன்புல்லில் இழைத்த பை, அது சூட்டை அடைக்காது. கண்டிச் சந்தையில் கிடைக்கும், கிழக்கிலும் பன்பாய் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைக்குத் தோளில் மாட்டுகிற பை ஒன்று. இதற்கு மட்டும் ஒரு சிபாரிசு. கண்டிக்குக் கிழக்கே மெனிக்கின்னைப் பக்கம் கலாசிரிகமவில், ஹண என்ற செடியின் நாரில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். அந்தக் கைவேலையை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த நாரில் இழைத்த பையும் கிடைக்கும். விலை கூடத்தான். வாங்க முடிந்தவர்கள் நெய்கிறவர் கையிலேயே காசைக் கொடுத்து வாங்குங்கள். முடியாதவர்கள் மாவுத் துணியில் இரண்டு காதுப் பை தைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத் துணிதான் எல்லோரையும் கடைசியில் பொலித்தீனுக்குத் தள்ளுகிறது. என் வழி இது. கரையை விட்டு ஏறுமுன் துணியை இரண்டு பேராகப் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். உலர்ந்த சாரத்தை மணலில் விரித்து, பிழிந்ததை நடுவில் வைத்து, நாலு மூலையையும் எதிரெதிராக முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அறைக்கு வரலாம். ஊருக்குத் திரும்புகிற கடைசி நாள் காலையில் கடலில் இறங்கினால்தான் பிரச்சினை. அதற்கு வீட்டில் கிடக்கிற தடித்த பொலித்தீன் பை ஒன்றை மடித்துப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக அதே பை. கழுவிக் காயவைத்து மறுபடி மடித்துவிடுவேன்.

கரையிலும் தீவிலும்

ஆகஸ்ட்டில் கிழக்கில் வீசுவது கச்சான் காற்று. தென்மேற்கில் இருந்து, தரையைத் தாண்டிக் கடல் பக்கமாக அடிக்கும். மணலில் நீங்கள் வைத்த தாளோ பையோ பறந்தால் ஊர்ப் பக்கம் வராது, நேரே கடலுக்குத்தான் போகும். நான் ஒருமுறை பிஸ்கட் உறை ஒன்றைத் துரத்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போனேன். கைக்கு எட்டவில்லை. வெள்ளியாக மினுங்கிக்கொண்டே போய்விட்டது. மிதக்கிற பொலித்தீனைச் சொறிமுட்டை என்று நினைத்து ஆமை விழுங்கும். அந்தக் கடலில் ஆமைகள் இருக்கின்றன. அதனால்தான் உறை போட்ட எதையும் மணலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்கிறேன். உறையை அறையிலேயே பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் டின்னில் போட்டு எடுத்துவாருங்கள்.

புறாத்தீவுக்குப் போகிற நாளில் மூட்டை இன்னும் சிறுக்க வேண்டும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுத்து, படகில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே கடை கிடையாது. ஒன்றிரண்டு மணி நேரம் இருந்து வருகிற இடத்துக்குச் சாப்பாடு எதற்கு? விடியக் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆளுக்கொரு சில்வர் போத்தல் தண்ணீர், ஒரு துவாய், தொப்பி, காலில் நன்றாக இறுகுகிற செருப்பு. அங்கே கரையில் மணலைவிடச் செத்த பவளத் துண்டுகள் அதிகம், வெறுங்காலைக் கிழிக்கும். ஆனால் அந்தச் செருப்போடு தண்ணீருக்குள் உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். ஒரு கை அகலம் வளரப் பல வருடம் எடுக்கிற உயிர் அது. கழற்றிய இரப்பர் செருப்பைக் கல் வைத்து அமுக்கிவிட்டு இறங்குங்கள். அலை எட்டிப் பார்த்து ஒன்றைக் கொண்டுபோனால் அதுவும் கடலில் ஒரு குப்பைதான்.

நீந்தத் தெரிந்தவர்கள் முகமூடி போட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் கருமுனைச் சுறாக் குட்டிகள் தெரியும். எங்களைக் கண்டு அவைதான் விலகும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் பிறகு நீங்கள் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் மருமகன் முதல்முறை போய் வந்தபோது, திரும்புகிற படகில் ஓட்டுகிறவரிடம் "மாமா, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றான். மிதந்துவந்த ஒரு போத்தலை எட்டி எடுக்கத்தான். அவரும் இயந்திரத்தை அணைத்து நின்றார். பிறகு தன் இருக்கைக்கு அடியில் இருந்த சாக்கைக் காட்டினார். அன்று காலையில் மட்டும் அவர் பொறுக்கியது அதில் பாதி இருந்தது.

நீங்களும் ஒரு துணிச் சாக்கு எடுத்துப் போங்கள். முழுக் கரையையும் துப்புரவாக்கப் போக வேண்டாம், அது ஒரு குடும்பத்தால் முடியாது. உங்கள் பாயைச் சுற்றிப் பத்து அடிக்குள் கிடப்பது போதும். எடுத்ததைக் கழுவிக் காயவைத்து பிரதேச சபை எடுக்கிற இடத்திலோ தங்குமிடத்தில் பிரித்து வைக்கிற தொட்டியிலோ போடுங்கள். இரண்டும் இல்லை என்றால் கண்டிக்கே கொண்டுவாருங்கள். கரையில் கொளுத்த வேண்டாம், திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பது 2017இல் இருந்து சட்டப்படியும் குற்றம்.

திரும்பி வந்த இரவு

களைப்பாக இருக்கும். ஆனாலும் மூட்டையை அன்றிரவே குசினித் தரையில் கவிழ்த்துவிடுங்கள். எறிய வேண்டியது என்று என்னவெல்லாம் வந்திருக்கிறது என்று ஒரு பக்கம் சேர்த்து எண்ணுங்கள். எங்கள் வீட்டில் முதல் பயணத்தில் நாற்பத்தொன்று வந்தது, போன முறை ஏழு. அந்த ஏழில் மூன்று மருந்து உறை, இரண்டு பிஸ்கட் உறை, ஒரு பால்மாப் பைக்கட், ஓர் உடைந்த மூடி. பால்மாவை இனி வீட்டில் இருந்தே டின்னில் அளந்து போட வேண்டும் என்று குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிற பட்டியலில் எழுதிக்கொண்டேன். அந்தப் பட்டியல் ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடுகிறது.

பன்பையை ஈரத்தோடு அலுமாரிக்குள் வைக்காதீர்கள், இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கண்டியில் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கொடியில் தலைகீழாக மாட்டுங்கள். சில்வர் கரியரின் மூடி இடுக்கில் உப்பும் மணலும் இருக்கும், தேசிக்காய்த் தோலால் தேய்த்தால் போய்விடும். போத்தல்களைச் சூடு தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, நன்றாகக் காய்ந்தபிறகே மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த ஆகஸ்ட்டில் திறக்கும்போது நாற்றம் தாங்காது, பிறகு கடையில்தான் தண்ணீர் வாங்க வேண்டி வரும்.